ஆடிக் கிருத்திகையில் திரும்பி வந்த தண்ணீர்

புதிதாகக் குழாய் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு ஆளாளுக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள். பயப்படாதே, கையை வை, வேலை தானாக வரும் என்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட, அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாய்க்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறந்தவராக இருக்க மாட்டார். நான் பயப்படச் சொல்லித் தருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தத் தொழிலில் என் கையில் இருந்த ஒரே படிப்பு பயம்தான். முட்டி தேய்ந்து வேலையை விடும் வரைக்கும் அதுதான் எனக்குச் சோறு போட்டது.

ஓடிப்போகச் சொல்லும் பயம் வேறு. நான் சொல்வது நச்சரிக்கிற பயம். இது உடைந்தால் தண்ணீர் எங்கே போகும், போகிற இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஓயாமல் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்குமே, அது. என் மனைவிக்கு இதில் தீராத சலிப்பு. "சினிமாவுக்குப் போனாக்கூட படத்தப் பாக்காம, வெளிய போற கதவு எங்க இருக்குதுன்னு பாத்துகினு இருப்ப நீ" என்பாள். பார்ப்பேன்தான். படம் எப்படியும் முடியும். கதவு திறக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

என்.ஆர்.வி. என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அந்த வால்வைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதன் உள்ளே ஒரு தட்டு தொங்கும். வீட்டுக் கழிவு வெளியே போனால் தட்டு திறக்கும். தெருக் கழிவு உள்ளே வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான் அதன் வேலை. இதே வேலையை மனிதர்களிடம் கொடுத்துப் பாருங்கள். வீட்டு அசிங்கத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, ஊர் அசிங்கத்துக்கு வாசலைத் திறந்துவிடுவார்கள்.

நம் ஊரில் அந்த வால்வு இல்லாமல் பள்ளத்து வீடுகள் பிழைக்க முடியாது. தெருக்கள் முருகன் கோயில் மலையிலிருந்து இறங்குகின்றன. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொரு ரோடு என்று போட்டுக்கொண்டே போனதில், ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்குள் இப்போது படியிறங்கிப் போகிறோம். தெருவின் அடியில் ஓடும் பொதுக்குழாய் நிரம்பினால், அது முதலில் எட்டிப் பார்ப்பது அந்த வீடுகளின் குளியலறையில்தான்.

முனிரத்தினத்தின் வீடு அப்படிப்பட்டது. மலைப்படிக்குக் கீழே பூமாலையும் பூஜைச் சாமானும் விற்கிற கடை அவருடையது. கீழே வீடு, மேலே மாடி. திருவிழா நாட்களில் மாடியை வெளியூர்க் காவடிக்காரர்களுக்கு விடுவார். அவர் வீட்டு வால்வு கெட்டுப்போக ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தது பாருங்கள், ஆடிக் கிருத்திகை. ஊரே குளித்துக்கொண்டிருக்கிற நாள். மேட்டில் இருக்கிற லாட்ஜுகளில், மண்டபங்களில், வீட்டு மாடிகளில் எல்லாக் குழாயும் திறந்திருக்கிற நாள்.

காலையில் ஃபோன் வந்தது.

"மேஸ்திரி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. அவசரம்னு இல்ல. ஆனா ஒடனே வாங்க."

"இன்னா பிரச்சனைங்க?"

"பாத்ரூம்ல தண்ணி வருது."

"நல்லதுதானே. வரட்டும்."

"கீழ்லேர்ந்து வருதுங்க."

கிளம்புகிறேன் என்றேன்.

"பின்பக்கமா வாங்க" என்றார் குரலைத் தாழ்த்தி. "யாராச்சும் கேட்டா கரண்டு வேலைன்னு சொல்லுங்க."

தயாளனைக் கூட்டிக்கொண்டு போனேன். கனகம்மாசத்திரத்துக்காரன், என்னோடு சேர்ந்து வேலை செய்துவந்தவன். கெட்டிக்காரன், ஆனால் பயமில்லாதவன். ஆக்ஸா பிளேடு கையில் இருந்தால் வெட்டித் தீர்க்க முடியாத பிரச்சினை உலகத்திலேயே கிடையாது அவனுக்கு. கடை திறந்திருக்காதோ என்ற பயத்தில் நான் எப்போதும் வீட்டில் ஒரு புது வால்வு வைத்திருப்பேன். அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு அவன் தோளில் மாட்டிக்கொண்டான். வண்டி போக வழியில்லை. பம்பைச் சத்தத்துக்கும் அரோகராவுக்கும் நடுவே நடந்து போனோம். பையைப் பார்த்த ஒரு பெரியவர், நேர்த்திக்கடன் ஏதோ சுமந்து போகிறான் என்று நினைத்து அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவனும் கூச்சமே இல்லாமல் ஆசீர்வாதம் செய்தான்.

வீட்டுக்குள் டிவியில் முருகன் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. குளியலறையில் தரை மூலையில் இருக்கிற நானி ட்ராப், அதாவது குளித்த தண்ணீர் இறங்குகிற ஜாலி, குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. கறுப்புத் தண்ணீர் நடையைத் தாண்டி நடு அறை வாசல் வரை வந்துவிட்டது. நாற்றத்தை எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கறுப்புத் தண்ணீர் முழுக்கப் பூ மிதந்தது. சாமந்தி, அரளி, ரோஜா இதழ், வாழைநார்.

"இது எப்டிங்க உள்ள வந்துச்சி?"

முனிரத்தினம் தப்புச் செய்தவர் போலச் சொல்லவில்லை. பெருமையாகவே சொன்னார். "சாமிக்குப் போட்ட பூவுங்க. குப்பையில போட்டா நாலு பேரு கால்ல மிதிபடும். பாவம். தண்ணியிலதான் வுடணும்."

"எந்தத் தண்ணியில வுட்டீங்க?"

"ஆத்துல வுடலாம்னா ஆத்துல ஏதுங்க தண்ணி?" குளியலறைப் பக்கம் கை நீட்டினார். "இங்கதான் எப்பவும் தண்ணி இருக்குது. ஜாலியத் தூக்கிட்டு, ஒரு கும்புடு போட்டு, வுட்ருவேன்."

தயாளன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. காலில் மிதிபடக் கூடாது என்று சாமியின் மாலையை இந்த மனிதர் எங்கே அனுப்பியிருக்கிறார் பாருங்கள். நாரும் பூவும் பந்தாகச் சுருண்டு வால்வின் தட்டுக்கு இடையே உட்கார்ந்திருக்கும். தட்டு மூட முடியாமல் பிளந்தபடி நிற்கும். அதைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் நடு அறைக்குள் ஒரு குழந்தை சிணுங்கியது. முனிரத்தினம் ஓடினார். குழந்தையிடம் இல்லை, டிவியிடம். சத்தத்தை இன்னும் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். கட்டிலில் அவர் பெண் பவானி படுத்திருந்தாள். பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவள். ஆபரேஷன் செய்து எடுத்த குழந்தை, பக்கத்திலேயே தாழ்வாகக் கட்டிய தூளியில். வாசற்படியில் முனிரத்தினத்தின் மனைவி சரோஜா பழைய புடவைகளைச் சுருட்டி அணை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று நனைந்ததும் பிழிந்து வாளியில் விட்டு, இன்னொன்றைப் போட்டார். தண்ணீர் அந்த அணையை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது.

"மொதல்ல இவங்கள மேல மாத்துங்க" என்றேன். "மாடி எதுக்கு இருக்குது?"

முனிரத்தினம் என் வாயைப் பொத்தாத குறை. "மெதுவா! மேல காவடிக்காரங்க இருக்காங்க. ஆர்.கே.பேட்டைலேர்ந்து வந்திருக்காங்க. விரதத்துல இருக்கறவங்க. கீழ பிள்ள பொறந்த வூடுன்னு தெரிஞ்சா, தீட்டுன்னு அப்பவே கெளம்பிடுவாங்க."

"தீட்டுன்னு உங்களுக்கே தெரியுதுல்ல? அப்புறம் எப்டி எடம் குடுத்தீங்க?"

"அவங்களுக்குத் தெரியாதுல்ல? தெரியாத வரைக்கும் தீட்டு இல்லீங்க."

பெரிய பெரிய சாஸ்திரிகள் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு பரிகாரம் கிடைக்காது. தூளித் துணியையும் குழந்தைத் துணியையும்கூட வெளியே காயப் போடாமல் சமையலறைக்குள் கொடி கட்டிப் போட்டிருந்தார்.

"பின்னாடி ஷெட்டு ஒண்ணு இருக்குதுங்க" என்றார் அவரே. "மாவு மிஷின் வெச்சிருந்தோமே, அது. கட்டிலத் தூக்கி அங்க போட்டுக்கலாம். சத்தமும் மேல கேக்காது."

பவானி கட்டிலில் இருந்தபடியே கேட்டாள். "நைனா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். இந்தத் தண்ணி தீட்டா, நான் தீட்டா?"

"சத்தமா பேசாதம்மா" என்றார் அவர்.

நான் தெருவுக்குப் போய்ப் பொதுக்குழாயின் மூடியைக் கம்பியால் நெம்பித் தூக்கிப் பார்த்தேன். விளிம்புக்குச் சற்றே கீழே தண்ணீர் நின்றது. ஓடவில்லை, நின்றது. வீட்டுத் தரை அதற்கும் கீழே. இனி இரண்டு மூன்று நாளைக்கு ஊரில் கூட்டம் குறையப் போவதில்லை. அதாவது, காத்திருந்தால் தானாக வடியும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வால்வு முன்வாசலில் ஒரு சின்னத் தொட்டிக்குள் இருந்தது. சேம்பர் என்கிறோமே, அது. தயாளன் அதற்குள் இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"வெட்டி எடுத்துட்டுப் புதுசச் சொருகிடலாம்ணா. வெத்தல போட்டுத் துப்பறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"வெட்டினா தெருத் தண்ணி மொத்தமும் ஒரே மூச்சுல உள்ள வரும்டா. இப்போ பூ தடுத்துகினு இருக்கறதாலதான் கொஞ்சம் கொஞ்சமா வருது."

"அதுக்குள்ள ஒட்டிடுவேன்."

"ஈரக் குழாயில சொல்யூஷன் எப்டி ஒட்டும்? ஒட்டலன்னா? புது வால்வு அளவு சரியில்லன்னா? நீ வழுக்கி வுழுந்துட்டா?"

"அண்ணா, நீ யோசிச்சி முடிக்கறதுக்குள்ள அந்தக் கொழந்தைக்கு மொட்ட போட்டுக் காது குத்திடுவாங்க."

குத்தட்டும் என்றேன். குத்துவதற்குக் குழந்தை நல்லபடியாக இருக்க வேண்டும் இல்லையா?

என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. உங்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்கும். வீட்டுக்குழாய் பொதுக்குழாயில் சேர்கிற வாயில், கால்பந்துக்குள் இருக்குமே ரப்பர் பிளாடர், அதைச் செருகிக் காற்றடித்து அடைக்க வேண்டும். அடைத்தால் தெருத் தண்ணீர் நிற்கும். அதன் பிறகு வால்வை நிதானமாக மாற்றலாம். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. வெளிவாயை அடைத்துவிட்டால், வீட்டுக்குள் ஊற்றுகிற தண்ணீருக்கும் போக வழி கிடையாது. மாடியில் ஒருவர் குளித்தால்கூட அத்தனையும் கீழே பவானியின் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். ஆக, முதலில் மாடிக்குப் போய்க் குழாயைத் திறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் கீழே வந்து பார்ப்பார்கள்.

முனிரத்தினம் மாடிப்படியின் குறுக்கே நின்றுகொண்டார். "அதெல்லாம் வேணாங்க. அவங்க மத்தியானமா காவடியோட மலைக்குக் கெளம்பிடுவாங்க. அப்புறமா பண்ணுங்க."

"மத்தியானம் வரைக்கும் தண்ணி நிக்குமாங்க?"

"சரோஜா புடவ போட்டுகினு இருக்கால்ல?"

அது தாங்காது என்றதும் பேச்சை மாற்றினார். வேலையை இப்போதே தொடங்கு, ஆனால் மாடியில் சொல்லாதே. இல்லாவிட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு போ என்பதுதான் அவர் பேச்சின் சாரம். மணவூரில் தன் மச்சான் பையன் ஒருவன் இருக்கிறான், அவன் வாயைத் திறக்காமல் வேலையை முடிப்பான் என்றும் சொன்னார். இதையெல்லாம் கேட்டுத் தயாளன் பிளேடைக் குழாயில் வைத்துவிட்டான். போய்விடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் போனால் இவன் வெட்டுவான். வெட்டினால் என்ன ஆகும் என்பது எனக்குப் படம் மாதிரித் தெரிந்தது. வேறு வழி தோன்றாமல் சேம்பருக்குள் காலைத் தொங்கவிட்டு, வால்வின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திருங்க மேஸ்திரி" என்றார் முனிரத்தினம்.

"எழுந்திரிச்சா வெட்டிடுவான்."

"இன்னாண்ணா இது, சத்தியாகிரகமா?" என்றான் தயாளன்.

ஆமாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தியாகம் ஒன்றும் இல்லை. கால் நடுங்குகிறவன் உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

அந்த நேரத்தில் மாடியில் யாரோ குளிக்கத் தொடங்கினார்கள். சுவரோரக் குழாயில் தண்ணீர் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. வெளியே போக இடமில்லாமல் அது குளியலறையில் பொங்கியது. நடையில் நின்ற தண்ணீர் அலையாக எழுந்து வாசற்படியைத் தாண்டியது. சரோஜா போட்ட அணை மிதந்து உள்ளே போனது. பவானி எழுந்து உட்கார முயன்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தூளியைத் தன் பக்கம் இழுத்தாள்.

நான் எழுந்து படிக்கு ஓடினேன். முனிரத்தினம் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

சரோஜா நடையிலிருந்து எழுந்து வந்தார். பிழிந்துகொண்டிருந்த புடவையைக் கீழே போட்டார். "வழி வுடுங்க. இல்லாட்டி தெருவுல போய் நின்னு நானே கத்துவேன். இந்தக் கூட்டத்துல எத்தினி பேரு திரும்பிப் பாப்பாங்கன்னு நெனச்சுக்குங்க."

முனிரத்தினத்தின் கை இறங்கியது. இரண்டு கையும் இல்லை, ஒன்றுதான். அந்த இடைவெளியில் நுழைந்து மேலே போனேன்.

மாடிக் கூடத்தில் மயிலிறகு செருகிய காவடி ஒரு மூலையில் நின்றது. மஞ்சள் வேட்டியில் ஒருவர் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் என்று பெயர். பவர்லூம் தறி வைத்திருக்கிறவர். காவடி எடுப்பவர் அவர்தான். பக்கத்தில் அவர் மனைவி குப்பம்மா. பின்னால் சொந்தக்காரர்கள் சிலர்.

படியேறும்போதே ஒரு பொய்யைத் தயாரித்து வைத்திருந்தேன். பயந்தவன் சொல்லும் பொய் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

"கரண்டு வேல நடக்குதுங்க. கொஞ்ச நேரம் குழாயத் தொறக்காதீங்க."

"கரண்டு வேலைக்குக் குழாய ஏய்யா மூடணும்?" என்றார் குப்பம்மா.

"ஷாக் அடிக்குங்க."

"குழாயிலயா?"

"ஆங்."

"உம்மேல சாக்கட நாத்தம் அடிக்குதே?"

சாக்கடை திரும்பி வருகிறது என்பதை ஒப்புக்கொண்டேன். குழந்தையைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்போ அந்தக் கொழந்தைய எங்க படுக்க வெச்சிருக்கீங்க?"

"எந்தக் கொழந்தைங்க?" என்றேன்.

"ராத்திரியே கேட்டுதுய்யா. ஒரு பாட்டு முடிஞ்சி இன்னொண்ணு வர்றதுக்குள்ள கொஞ்சம் சத்தமில்லாம இருக்கும்ல, அந்த நேரத்துல."

"தெரிஞ்சுமா இருந்தீங்க? தீட்டு…"

ஏகாம்பரம் மனைவியைப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குரலை இறக்கிச் சொன்னார். "எங்க வூட்லயும் மருமகளுக்குப் பொறந்திருக்குதுங்க. இன்னும் நாளிருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லிகினு இருந்தாங்க. அது முந்திக்கினு வந்துடுச்சி. நல்லபடியா பொறக்கணும்னுதான் இந்தக் காவடியே வேண்டிகினேன். பொறந்ததால காவடி எடுக்கக் கூடாதுன்னா நான் எங்க போய்ச் சொல்றது?"

"வூட்டுக்காரர்கிட்ட சொல்லலாமில்ல?"

"எடம் கேட்டப்பவே கண்டிஷனா சொல்லிட்டாருங்க. இது சுத்தமான வூடு, தீட்டு கீட்டு இருந்தா இப்பவே சொல்லிடுங்கன்னு. சொன்னா எறக்கி வுட்ருவாரு. இந்தக் கூட்டத்துல வேற எடத்துக்கு எங்க போறது?"

தம்பிகளே, நான் எத்தனையோ அடைப்பைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். ஆளுக்கொரு பிள்ளையை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவருக்கு ஒருவர் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். எதையும் ஒளிக்காமல் வெளிப்படையாக வந்துகொண்டிருந்தது அந்த வீட்டில் சாக்கடை ஒன்றுதான்.

குப்பம்மா அதற்கு மேல் பேச்சை வளர்க்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினார். அந்தத் தண்ணீரில் அப்படியே நடந்து போய்த் தூளியிலிருந்து குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். "அடேயப்பா, இன்னா கோவம் இந்தக் குட்டிக்கு! பாட்டு போட்டே கொன்னுட்டாங்களா உன்ன?" என்றார். ஏகாம்பரமும் இன்னொருவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பவானியை உட்கார வைத்து, காவடியைத் தூக்குகிற பக்குவத்தோடு மாடிப்படிக்குத் தூக்கி வந்தார்கள்.

முனிரத்தினம் படியருகே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். குப்பம்மா சொல்லித் தெரிந்துகொண்ட சரோஜாதான், அவர்கள் வீட்டிலும் பிள்ளை பிறந்திருக்கிற விஷயத்தை ரகசியமாக அவர் காதில் போட்டார். இந்த மனிதர் இப்போதாவது வெட்கப்படுவார் என்று நான் நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"அப்போ நீங்களும் தீட்டோடதான் வந்தீங்களா?" என்றார் ஏகாம்பரத்தைப் பார்த்து. "சொல்லவே இல்லையே! மனுசன நம்பி வூட்டக் குடுத்தா, இப்டியா ஏமாத்தறது?"

ஏகாம்பரம் நாற்காலியைச் சுமந்தபடி படியிலேயே நின்றார்.

"தெரியாத வரைக்கும் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார் சரோஜா. "இப்போ தெரிஞ்சிடுச்சில்ல, நீங்க வேணா ஷெட்டுக்குப் போங்க."

தயாளன் இந்த முறை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் தினமும் செய்கிற வேலை, நீட்ட மாட்டேன். மாடியில் எல்லாக் குழாயையும் இறுக்கி மூடி, குப்பம்மாவைக் காவலுக்கு வைத்தோம். பிளாடரைச் செருகிச் சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். அது வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் பின்னால் ஒரு மணல் மூட்டையையும் திணித்தேன். "மூட்ட எதுக்குண்ணா, பிளாடரே போதும்" என்றான் தயாளன். வால்வைப் பாதி கழற்றியிருக்கும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம். பிளாடர் காற்று விட்டது. அவன் முகத்தில் ரத்தம் இல்லை. இருவரும் சேம்பருக்குள் அசையாமல் நின்றோம். மூட்டையின் ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது, அத்தோடு நின்றது. மறுபடி காற்றடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். அதற்கப்புறம் அவன் என்னைக் கேலி செய்தது ஒரே ஒரு முறைதான். புது வால்வின் மேல் அச்சடித்திருந்த அம்புக்குறி தெருப்பக்கம் பார்க்கிறதா என்று நான் திரும்பத் திரும்பக் குனிந்து பார்த்தபோது. "அது கடிகார முள்ளு இல்லண்ணா, நீ பாக்காதப்போ திரும்பிக்கறதுக்கு. அங்கயேதான் இருக்கும்."

பழைய வால்வுக்குள் இருந்த பந்தை வெளியே எடுத்துப் போட்டோம். தட்டின் கீல் உடைந்திருந்தது. முனிரத்தினம் அருகில் வந்து, தன் பூவைத் தானே பார்த்தார். தொடவில்லை.

அடைப்பை எடுத்ததும் தெருத் தண்ணீர் பாய்ந்து வந்து வால்வில் முட்டியது. தட்டு டொக்கென்று மூடிக்கொண்டது. நான் குளியலறைக்கு ஓடி நானி ட்ராப்பைப் பார்த்தேன். குமிழ் இல்லை. கொஞ்ச நேரம் நின்று மறுபடி பார்த்தேன். அப்போதும் இல்லை.

ஆனால் வெளியே தெருக்குழாய் நிரம்பி நிற்கிறவரை வீட்டுத் தண்ணீரும் போகாது. மூடிய கதவு இரண்டு பக்கத்துக்கும் மூடியதுதான். ஒவ்வொரு வாளியாகப் பார்த்து ஊற்றுங்கள் என்று சரோஜாவிடம் சொன்னேன். மேட்டில் ஒரு குளியல் அலை ஓய்ந்து இன்னொன்று தொடங்குவதற்குள் கிடைக்கிற இடைவெளியில் போகும். இதை வீட்டுக்காரரிடம் சொல்லாமல் போகிற குழாய்க்காரனை நான் சேர்த்துக்கொள்வதில்லை. புது வால்வு போட்டாச்சு, இனி கவலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கவலையை ஒப்படைத்துவிட்டுப் போவதுதான் நம் வேலை.

உங்களுக்கு நான் சொல்ல வந்ததும் இதுதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்காதீர்கள். தரையில் யார் படுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களைத் தூக்கின பிறகு பையைத் திறங்கள். வீட்டுக்காரர் குறுக்கே நின்றால் வேலையின் மேலேயே உட்கார்ந்துவிடுங்கள். பெருமைக்குரிய காட்சியாக இருக்காது. பரவாயில்லை.

மத்தியானம் காவடி கிளம்பியது. குப்பம்மா குழந்தையைப் பவானியிடம் கொடுத்துவிட்டு, தன் திருநீற்றுப் பையிலிருந்து ஒரு விரலால் எடுத்து இரண்டு பேர் நெற்றியிலும் வைத்துவிட்டுப் போனார். நானும் தயாளனும் சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தோம். முனிரத்தினம் கீழ்த்தளத்தைக் கழுவத் தொடங்கினார். பிளீச்சிங் பவுடர் போட்டார். ஃபினாயில் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். எங்கிருந்தோ கோமியம் வாங்கி வந்து அதையும் தெளித்தார். ஒவ்வொன்றும் காய்வதற்குள் அடுத்ததை ஊற்றினார். அந்த நெடிக்குச் சாக்கடையே தேவலை.

எல்லாம் முடிந்ததும் படியடியில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார். "பவானி, எறங்கி வாம்மா. அம்மாவும் வரச் சொல்றா."

சரோஜா அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவரும் மாடியில்தான் இருந்தார்.

"நான் மேலயே இருக்கறேன் நைனா" என்றது பவானியின் குரல். "கீழ இன்னும் சுத்தமாகல."

அவர் திரும்பித் தரையைப் பார்த்தார். சுவரோரம், கதவிடுக்கு, கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து பார்த்தார். வாளியோடு என்னிடம் வந்தார்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி. நான் ஒரு எடம் வுடாம கழுவிட்டேன். எங்க சுத்தமாகலன்னு சொல்றா?"

நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"குழாய்ல ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.